ஹைவேயை நாங்களும் மறிச்சனாங்கள்தானே? (கார்டினர் 2009, ஒட்டாவா 2022)

#1 ஸ்காபரோ சித்தப்பா | வெள்ளி, இரவு 10.40

நேற்று ராவு சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க ரேடியோவில ஒட்டாவா லொறி மறியலைப் பற்றிப் போச்சு, 2022 இல கோவிட் ஊசிக் கட்டாயத்துக்கு எதிரா நடந்தது. அதை நடத்தின ரெண்டு பேருக்கும் சிறை இல்லை, வீட்டில இருந்தபடி தண்டனை எண்டு ஏற்கெனவே வந்த செய்திதான். நான் வழக்கம்போல, “இது காணாது, உள்ளுக்க போட்டிருக்கோணும்” எண்டனான். என்ர மகன், யூனிவர்சிட்டி படிக்கிறவன், கரண்டியை வைச்சுப்போட்டுக் கேட்டான்: “அப்பா, நீங்களும் கார்டினரை மறிச்ச ஆள்தானே?”

மனிசி சிரிச்சிட்டா. எனக்கு வாயில சோறு.

தெரியாத ஆக்களுக்கு: கார்டினர் எண்டது ரொறன்ரோ டவுன்டவுனால போற ஹைவே. 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில குண்டு விழுந்துகொண்டு இருந்த நேரம். பின்னேரம் ஸ்பாடைனா ரோட்டில நிண்ட சனம் அப்பிடியே ஏத்தத்தால ஏறி ஹைவேக்குப் போட்டுது. நானும் ஏறினனான். மேல போய் நிண்டதும் எனக்கு முதல் விளங்கினது சத்தம் இல்லாமல் போனதுதான். எந்த நாளும் இரையிற ரோட்டு, ஒரு வாகனமும் இல்லை. ஏரிக் காத்து முகத்தில அடிச்சுது. பொலிஸ்காரர் சைக்கிளைக் குறுக்க பிடிச்சு வரிசையா நிண்டவை. முன் வரிசையில பொம்பிளையள், ஸ்ரோலர், பாற்போத்தில். நடுச்சாமம் அளவில, லிபரல் கட்சி பாராளுமன்றத்தில எடுத்துக் கதைக்குமாம் எண்டு அறிவிச்சினம், இறங்கிட்டம். அதுக்குப் பிறகு ஊரில எட்டு ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது.

2022 இல லொறிக்காரர் ஒட்டாவாவை மறிச்ச நேரம் நான் டிவிக்கு முன்னால இருந்து பொலிஸுக்கு ஏசினனான், ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள் எண்டு. அவசரகாலச் சட்டம் வந்த நாள் சந்தோசப்பட்டனான்.

மகனுக்கு மறுமொழி சொல்லேல்லை. என்ன வித்தியாசம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்கோ. “அது வேற, இது வேற” எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அதை நான் சொல்லிப் பாத்திட்டன், எடுபடேல்லை.

#2 ஓவர்டைம் | வெள்ளி, இரவு 11.15

சித்தப்பா, நான் லொறி ஓடுறவன். அவையளை “லொறிக்காரர்” எண்டு கூப்பிடுறதே எனக்குக் கொதி. நாங்கள் பெரும்பாலான ஆக்கள் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனனாங்கள். இந்தத் தொழிலில எத்தினை பஞ்சாபிப் பெடியள் இருக்கினம், அந்த மறியலில அவையளைக் கண்டனீங்களோ?

வித்தியாசம் நேரம்தான். எங்கட சனம் ஆறு மணித்தியாலத்தில இறங்கினது. அவையள் மூண்டு கிழமை. ஹொட் டப் கொண்டுவந்து ரோட்டில வைச்சவை, சின்னப் பிள்ளையள் துள்ளுற காத்துக் கோட்டையும் வைச்சவை. குடியிருக்க வந்த ஆக்கள்.

விண்ட்சர் அம்பாசிடர் பாலத்தை மறிச்ச கிழமை நான் கார் பார்ட்ஸ் ஏத்திக்கொண்டு சார்னியாவால சுத்தி வந்தனான். லைனில விடியும் மட்டும் இருந்து, கடைசிக் கட்லட்டையும் திண்டு முடிச்சாச்சு. கனடா அமெரிக்கா வியாபாரத்தில கால்வாசி போற பாலம் அது. பார்ட்ஸ் வராமல் பாக்டரியள் ஷிப்டை வெட்டினவை. வேலை போனது தொழிலாளிக்கு. தொழிலாளி பேரைச் சொல்லி மறிச்சவையால.

#3 பேங்க் ஸ்ட்ரீட் பத்மா | சனி, காலை 7.02

நான் மதுரைக்காரி. ஒட்டாவா சென்டர்டவுன்ல குடியிருக்கேன். அந்த மூணு வாரமும் அங்கேயேதான் இருந்தேன்.

டிவியில பார்த்தவங்களுக்கு அது கொடி, கூட்டம், பார்பெக்யூ. எங்களுக்கு அது ஹாரன். கார் ஹாரன்னு நினைச்சுக்காதீங்க. ரயில் ஹாரன், கப்பல் ஹாரன் மாதிரி, ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு. என் பொண்ணுக்கு அப்போ ஏழு மாசம். வீட்டுல ஜன்னல் இல்லாத இடம் பாத்ரூம் ஒண்ணுதான், அங்கதான் தொட்டிலைப் போட்டோம். துணியெல்லாம் டீசல் வாடை. மாஸ்க் போட்டுட்டு கடைக்குப் போனா நின்னு திட்டுவாங்க. வீடில்லாதவங்களுக்குச் சாப்பாடு போடுற இடத்துல போய் இவங்க சாப்பாடு கேட்டு தகராறு பண்ணினது ஊரறிஞ்ச விஷயம்.

அதை முதல்ல நிறுத்தினது போலீஸும் இல்லை, பிரதமரும் இல்லை. 21 வயசுப் பொண்ணு ஒருத்தி, அரசாங்க வேலையில இருக்கிறவ, கோர்ட்டுக்குப் போனா. பிப்ரவரி 7-ஆம் தேதி ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு தடை வாங்கினா. அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல கேட்ட அமைதி இருக்கே, அதைத்தான் நீங்க கார்டினர்ல கேட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். 13-ஆம் தேதி பில்லிங்ஸ் பிரிட்ஜ் பக்கம் அக்கம்பக்கத்துக்காரங்க திரண்டு, டவுன்டவுனுக்குப் போற வண்டிகளை வழிமறிச்சாங்க. நாய் கூட்டிட்டு நடக்க வந்தவங்க, பென்ஷன்காரங்க. முப்பது வண்டி போல மணிக்கணக்கா நகர முடியலை. கொடியைக் கழட்டு, பெட்ரோல் கேனைக் குடு, அப்புறம் திரும்பிப் போன்னு ஒவ்வொண்ணா விட்டாங்க. நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். அதாவது, நானும் ரோட்டை மறிச்சவதான்.

மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்துச்சு. நிம்மதியா தூங்கினேன். அதுக்காக வெட்கப்படலை.

#4 தபால்காரர் | சனி, காலை 9.30

பத்மா தங்கச்சி தூங்கினதில பிழை இல்லை. ஆனால் நான் அந்த இரவு தூங்கவில்லை.

கனடாவுக்கு வந்த காலத்தில் தபால் தொழிற்சங்கத்தில்தான் நான் அரசியல் படித்தேன். எங்கள் சங்கத் தலைவராக இருந்த ஜான் குளோட் பரோ, வேலைக்குத் திரும்பு என்ற சட்டத்துக்குக் கீழ்ப்படியாததற்காகச் சிறை போனவர். 1981 இல் 42 நாள் வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தோடு மகப்பேற்று விடுமுறை வாங்கிய சங்கம் அது. அந்த நாளில் அதையும் “பொதுமக்களுக்கு இடைஞ்சல்” என்றுதான் சொன்னார்கள். இடைஞ்சல்தான். கடிதம் வராது, காசோலை வராது.

1970 ஒக்ரோபரில் கியூபெக்கில் ஆட்கடத்தல் நடந்தபோது, அப்போதைய பிரதமர் பியர் ட்ரூடோ போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 500 பேரைப் பிடித்தார்கள். அநேகமானவர்கள் மேல் வழக்கே இல்லை. பாடகி போலின் ஜூலியன், கவிஞர் ஜெரால்ட் கொடான் இவர்களையெல்லாம் விடியற்காலையில் தூக்கினார்கள். (அதே கவிஞர் 1976 தேர்தலில் முதலமைச்சர் புராசாவை அவருடைய தொகுதியிலேயே தோற்கடித்தார். இதைச் சொல்லாமல் எனக்குக் கதை முடிக்க வராது.) மக்கள் பெரும்பான்மை சட்டத்துக்கு ஆதரவு. அப்போது என்.டி.பி (புதிய ஜனநாயகக் கட்சி) தலைவர் டொமி டக்ளஸ் எழும்பி, கச்சான் உடைக்கச் சம்மட்டியா என்று கேட்டார். அவருக்குக் கிடைத்தது வசவுதான்.

அந்தக் கசப்பில்தான் 1988 இல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, கட்டுப்பாடுகளோடு அவசரகாலச் சட்டத்தை எழுதினார்கள். 34 வருடம் அலுமாரியில் கிடந்தது. 2022 பெப்ரவரி 14 இல் மகன் ட்ரூடோ எடுத்தார். பாராளுமன்றத்தில் 185க்கு 151 என்று நிறைவேறியது. டக்ளஸின் கட்சி ஆதரித்து வாக்குப் போட்டது. அதே கட்சியின் முன்னாள் உறுப்பினர் ஸ்வெண்ட் ரொபின்சன் வெளிப்படையாகவே கண்டித்தார்.

அந்தச் சட்டத்தை எடுத்தது சரியா என்று பார்த்த ரூலோ விசாரணை ஆணையம் 2023 இல் “தயக்கத்தோடு சொல்கிறேன், சட்டம் கோரிய அளவு எட்டப்பட்டது” என்ற மாதிரி முடித்தது. 2024 ஜனவரியில் பெடரல் நீதிமன்று நீதிபதி மோஸ்லி, நியாயமற்றது, உரிமைப் பட்டயத்துக்கும் முரண் என்றார். அந்த வழக்குக்குப் போனவர்களில் சிவில் உரிமைச் சங்கமும் உண்டு. லொறிக்காரரின் அரசியலில் அவர்களுக்கு ஒரு துளி விருப்பமும் கிடையாது.

#5 மார்க்கம் மாமா | சனி, காலை 10.11

எல்லாரும் சுத்தி வளைச்சுக் கதைக்கிறியள். ரோட்டை மறிக்கிறது பிழை. அவையள் செய்தாலும் பிழை, நாங்கள் செய்தாலும் பிழை. அவ்வளவுதான்.

2009 இல நான் டவுன்டவுனில கணக்குப் பிரிவில வேலை. கார்டினருக்கு முதல், ஏப்ரலில அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால யூனிவர்சிட்டி அவெனியூவை நாள் கணக்கா மறிச்சது மறந்து போச்சோ? அந்த ரோட்டின்ர மேல் பக்கம் முழுக்க ஆஸ்பத்திரி. சிக் கிட்ஸ், பிள்ளையளின்ர ஆஸ்பத்திரி, அங்கதான் இருக்கு. கூட வேலை செய்யிறவ ஒருத்தி ஒண்டும் கேக்கேல்லை, என்ர மேசையைக் கடந்து போகேக்க பெருமூச்சு மட்டும் விட்டவ. அந்தப் பெருமூச்சு இப்பவும் காதில நிக்குது. 20 வருசமா உழைச்சுச் சேத்த மரியாதை.

சித்தப்பா ஸ்ரோலர், பாற்போத்தில் எண்டு வடிவா எழுதியிருக்கிறார். அந்த ஸ்ரோலரில இருந்த பிள்ளையள் ஆற்ற? பச்சைப் பிள்ளையளை ஹைவேயில முன்னுக்கு வைச்சது எந்தப் புத்தி? அண்டைக்குப் பேப்பரெல்லாம் அதைத்தான் கேட்டது. எனக்கும் அதுக்கு மறுமொழி இல்லை. நீங்கள் உங்கட பிள்ளையைக் கொண்டு போனனீங்களோ?

#6 ஸ்காபரோ சித்தப்பா | சனி, காலை 10.40

மாமா, அதைப் பிறகு கதைப்பம். ஊரில அண்டைக்கு என்ன நடந்தது எண்டும் சேத்து எழுதுங்கோ. பெருமூச்சு விட்டவவுக்குத் தெரியாது, உங்களுக்குமோ?

#7 மார்க்கம் மாமா | சனி, காலை 10.52

எனக்கு அண்டைக்கு அங்க பெரியம்மா குடும்பம் இருந்தது. எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

#8 நிர்வாகி | சனி, காலை 11.05

இரண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். இழை திறந்தே இருக்கும்.

#9 மல்லிகை | சனி, பகல் 1.20

எனக்கு இங்க பிறந்த தமிழ், பிழைகளை மன்னிக்கவும்.

ஓவர்டைம் அண்ணா நேரம் எண்டார், பத்மா அக்கா சத்தம் எண்டா. நான் வேறொரு விஷயம் பாக்கிறன்: பொலிஸ் யாரைப் பார்த்து என்ன நினைக்குது.

கார்டினரில 2009 இல ரொறன்ரோ பொலிஸ் தலைவர் பில் பிளேயர். அண்டைக்குப் பெரிய அடிதடி இல்லை, காத்திருந்தவை, சனம் தானா இறங்கினது. 13 மாசம் கழிச்சு, 2010 ஜூனில ஜி20 மாநாடு. அதே தலைவர். 1,100 பேருக்கு மேல கைது, அதுவரை கனடாவில நடந்ததில பெரிய கூட்டுக் கைது அது.

அந்த ஞாயிறு, ஜூன் 27, நான் ஸ்பாடைனாவில பபிள் டீ கடையில பார்ட் டைம். குயின் சந்தியில கலவரப் பொலிஸ் நாலு பக்கமும் அடைச்சு, உள்ள இருந்தவங்களை வெளிய விடேல்லை. நாலு மணித்தியாலம் அளவு. மழை எண்டா அப்பிடி ஒரு மழை. ஊர்வலக்காரர் மட்டும் இல்லை, நாயோட வந்தவங்க, சீனக் கடையில மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்ட போனவங்க எல்லாரும் உள்ள. எங்கட கடைக்கு அடிக்கடி வாற ஒரு வயசு போன ஆள், அடுத்த கிழமை வந்து, நனைஞ்சு மையழிஞ்ச பஸ் டிரான்ஸ்பர் துண்டைக் காட்டினார். அதைப் பத்திரமா வைச்சிருந்தார், ஏன் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

அதுக்கு முதல் 1939 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டை, போர்க்காலத்தில அணை, பாலம் காக்க எழுதினதை, மாகாண அரசு சத்தமில்லாமல் தூசு தட்டி எடுத்தது. மாநாட்டைச் சுத்திப் போட்ட வேலியில இருந்து அஞ்சு மீட்டருக்குள்ள வந்தால் பேரைச் சொல்லோணும், பையைத் திறக்கோணும் எண்டு எல்லாரும் நம்பினம். மாநாடு முடிஞ்ச பிறகுதான், அப்பிடி ஒரு அஞ்சு மீட்டர் விதியே இல்லை எண்டு பிளேயர் ஒத்துக்கொண்டார். மாகாண அரசு மேல வாற முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் ஆந்த்ரே மரான் அந்த ஒழுங்குவிதியைக் கிழிச்சுத் தொங்கவிட்டு அறிக்கை எழுதினார். பிடிபட்டவங்களுக்கு 2020 இல 1 கோடி 65 லட்சம் டொலர் சமரசம், ஒரு ஆளுக்கு 5,000 இல இருந்து 24,700 வரைக்கும். பத்து வருசம்.

பிளேயர் பிறகு எம்.பி., பிறகு மந்திரி. 2022 பெப்ரவரியில அவசரநிலைத் தயார்ப்பாட்டு மந்திரி ஆர் எண்டு தேடிப் பாருங்கோ. அவரேதான்.

#10 மொன்றியல் ராசன் | சனி, பிற்பகல் 3.44

ரொறன்ரோக்காரருக்கு ரோட்டு மறிச்சால் உலகம் முடிஞ்ச மாதிரி. இஞ்ச மொன்றியலில வசந்தகாலம் வந்தால் ஊர்வலம்.

2012 இல கியூபெக் முதலமைச்சர் ஜான் ஷாரேயின்ர அரசு யூனிவர்சிட்டி பீஸை 2,168 டொலரில இருந்து அஞ்சு வருசத்தில 3,793 ஆக்கப் போறம் எண்டது. மற்ற மாகாணத்துக்காரர் சிரிச்சவை, எங்களுக்கு இதை விடக் கூட எண்டு. இஞ்ச மாணவர் பெப்ரவரியில வகுப்பை விட்டு வெளிய வந்தவை. எல்லார் சட்டையிலயும் ஊசி குத்தின சின்னச் சிவப்புச் சதுரத் துணி. என்ர மகள் என்ர பழைய சாரத்தில வெட்டிக் குத்தினவ, கேக்காமல்.

மே 18 இல 78 ஆம் சட்டமூலம் நிறைவேறிச்சு. 50 பேர் கூடுறதெண்டால் எட்டு மணித்தியாலத்துக்கு முதல் பொலிஸுக்குப் பாதை சொல்லோணும். அதுதான் அவையள் செய்த பிழை. அதுவரைக்கும் மாணவரோட கோபமா இருந்த சனமும் இரவு எட்டு மணிக்கு பல்கணிக்கு வந்து சட்டி பானை தட்டத் துடங்கினது. கீழ் வீட்டு கியூபெக் கிழவி அதுவரை எனக்கு வணக்கம் சொன்னதில்லை. அண்டைக்குப் படியில நிண்டு, என்ர மனிசியின்ர கையில இருந்த புட்டுப்பானை மூடியைப் பாத்து, சத்தம் காணாது எண்டு தன்ர அலுமினியத் தாச்சியைத் தந்தவ. (தோசைக்கல்லு சரிவராது. கையும் நோகும், சத்தமும் எழும்பாது.) இருபது நிமிசம், பிறகு எல்லாரும் உள்ள.

செப்டெம்பரில ஷாரே தோத்தார், தன்ர தொகுதியிலயும் தோத்தார். கட்டண உயர்வு போச்சு.

#11 பேங்க் ஸ்ட்ரீட் பத்மா | சனி, மாலை 4.30

ராசன் அண்ணா, புட்டுப்பானை மூடியும் ரயில் ஹாரனும் ஒண்ணில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க: இருபது நிமிஷம், பிறகு எல்லாரும் உள்ள. அந்தக் கிழவியும் தட்டினாங்க. எங்க தெருவுல ஹாரன் அடிச்சவன் எங்க தெருக்காரன் இல்லை. அவன் எங்களைத் தூங்கவிடாம பண்ணி, அங்க மலைமேல இருக்கிற பாராளுமன்றத்துக்குச் சேதி சொன்னான். நடுவுல நாங்க என்ன, தபால் தலையா?

கார்டினர்ல நின்ன காரெல்லாம் யாரோடது? அவங்களும் நடுவுல மாட்டினவங்கதானே? சித்தப்பாவைக் குறை சொல்லலை. எனக்கே பதில் தெரியாமத்தான் கேக்கிறேன்.

#12 எட்மண்டன் குளிர் | சனி, மாலை 5.15

இந்தப் பக்கத்துக் கதை ஒன்று, சுருக்கமா. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எரிவாயுக் குழாய்க்கு எதிரா நின்ன வெட்சுவெட்டன் பழங்குடியின் பரம்பரைத் தலைவர்களுக்கு ஆதரவா, ஒன்டாரியோ டயண்டினேகாவில் மோஹாக் மக்கள் ரயில் பாதை ஓரம் முகாம் போட்டாங்க. கிழக்குக் கனடா முழுக்க சரக்கு ரயில் நின்னுச்சு. உடனே எங்க ஆல்பர்ட்டாவில் ஜேசன் கென்னி அரசு, முக்கியக் கட்டமைப்புகளை மறிச்சா பெரிய அபராதம், சிறைன்னு சட்டம் போட்டது. யாரை நினைச்சுப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு வருஷத்தில் அமெரிக்க எல்லையில் கூட்ஸ் (Coutts) என்கிற ஊரின் சோதனைச் சாவடியை மறிச்சது யார்? அதே அரசுக்கு ஓட்டுப் போட்ட ஊர்க்காரங்க. ரெண்டு வாரத்துக்கு மேல் நடந்துச்சு. ரயில் மறியல் வேகத்தில் போட்ட சட்டம் புத்தகத்தில் இருந்தது, லாரிகளும் எல்லையில் இருந்தன.

#13 ஸ்கூல் அக்கா | சனி, இரவு 8.20

நான் பொதுவா வாசிக்கிறதோட சரி. இண்டைக்கு எழுதோணும் போல இருக்கு.

நான் பள்ளிக்கூடத்தில உதவியாளர். விசேட தேவை உள்ள பிள்ளையளோட வேலை. 2022 இல எங்கட சங்கத்தில 55,000 பேர்: உதவியாளர், துப்புரவு ஆக்கள், அலுவலக ஆக்கள். சராசரிச் சம்பளம் வருசத்துக்கு 39,000 எண்டு சங்கம் சொன்னது, என்ர அதைவிடக் குறைவு. நாங்கள் வேலைநிறுத்தம் அறிவிச்ச உடனே ஒன்டாரியோவின்ர டக் போர்ட் அரசு 28 ஆம் சட்டமூலம் கொண்டுவந்தது. நிறுத்தம் சட்டவிரோதம். ஆள் ஒண்டுக்கு ஒரு நாளைக்கு 4,000 டொலர் வரைக்கும் அபராதம், சங்கத்துக்கு 500,000. கோட்டுக்குப் போகவும் வழியில்லாமல் உரிமைப் பட்டயத்தின்ர 33 ஆம் பிரிவையும், சில உரிமையளை மீறியும் சட்டம் போட விடுற பிரிவு அது, முதலே போட்டு அடைச்சவை.

நவம்பர் 3, வியாழன் ராத்திரி. அடுத்த நாள் போறதோ இல்லையோ எண்டு எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். 4,000 எண்டால் எனக்கு ரெண்டு மாசச் சம்பளத்துக்குக் கிட்ட. அவர் ஒரு கேள்வி கேட்டார்: “எங்கட ரெண்டு பேற்ற கணக்கும் ஒண்டு. லொறிக்காரரின்ர கணக்கை முடக்கின மாதிரி இதையும் முடக்குவாங்களோ?”

பெப்ரவரியில சுமார் 280 கணக்குகளை முடக்கினவை. அப்ப இதே மனிசன் சோபாவில இருந்து கை தட்டினவர்.

முடக்க ஏலாது, அது வேற சட்டம், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி 11 மணிக்கு மொபைலில அவர் 1,500 டொலரைத் தன்ர அக்காவின்ர கணக்குக்கு அனுப்பினவர். மோர்ட்கேஜுக்கு எண்டு.

வெள்ளி விடிய நான் போனனான். கையில அட்டை பிடிக்கக் கூச்சம், கடைசியில நிண்டனான். ரோட்டால போற காரெல்லாம் ஹோர்ன் அடிச்சது. (பத்மா, அது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கு அண்டைக்கு அழுகை வந்தது.) வார இறுதியில மற்றச் சங்கங்களும் சேந்து பொது வேலைநிறுத்தம் எண்டு கதை அடிபட்டுது. திங்கள் முதலமைச்சர் சட்டத்தை மீளப்பெறுறன் எண்டார். ஒரு கிழமையில சட்டமே இல்லாமல் போச்சு.

அக்கா அந்த 1,500ஐத் திருப்பித் தர ஒரு மாசம் எடுத்தவ. அது வேற கதை.

#14 தபால்காரர் | சனி, இரவு 8.45

பிள்ளை, நான் #4 இல் அவ்வளவு நீட்டி எழுதினது வீண். உங்கள் அந்த 1,500 டொலர்தான் விஷயம்.

#15 ஓவர்டைம் | சனி, இரவு 9.10

ஐயா, எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ள ஏலாமல் இருக்கு. காசு முடக்காமல் அவையளை எழுப்பியிருக்க ஏலுமோ? விண்ட்சர் பாலத்தை அவசரகாலச் சட்டத்துக்கு முதல் நாளே கோட்டுத் தடையோட பொலிஸ் துப்புரவாக்கிப் போட்டுது, சரி. அப்ப ஒட்டாவாவில ஏன் ஏலாமல் போனது? சட்டம் இல்லாததாலயோ, பொலிஸ் முதல் வார இறுதியோட போயிடுவாங்கள் எண்டு நம்பினதாலயோ? விசாரணையில ரெண்டாவதுதான் கூட வெளிச்சத்துக்கு வந்தது. ஒட்டாவா பொலிஸ் தலைவர் ஸ்லோலி பெப்ரவரி 15 பதவி விலகினவர்.

எழுதி முடிக்கேக்க நானே எனக்கு எதிராக் கதைக்கிறன் எண்டு தெரியுது. விடுங்கோ.

#16 மார்க்கம் மாமா | ஞாயிறு, காலை 8.00

தேத்தண்ணி குடிச்சு வந்திட்டன்.

எனக்கு நீதிபதி கோனன் எழுதினது பிடிச்சது. 2024 இல ரொறன்ரோ யூனிவர்சிட்டியில பலஸ்தீனத்துக்காக மாணவர் போட்ட முகாம் வழக்கு. முகாம் மாணவர் வன்முறைக்காரர் எண்டதுக்குச் சாட்சி இல்லை எண்டு அவர் தெளிவா எழுதினார். ஆனாலும் எழும்பச் சொன்னார். ஒரு கூட்டம் இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கலாம் எண்டால், நாளைக்கு இதைவிடப் பலமான கூட்டம் வந்து இவையளை எழுப்பிப்போட்டு இருக்கலாம், அதை ஆர் தடுக்கிறது எண்டார். ஜூலை 3 பின்னேரம் ஆறு மணிக்கு முதல் கூடாரத்தைச் சுத்திக்கொண்டு போயிட்டினம்.

ஸ்கூல் அக்காவின்ர கதை வேற. அவ தன்ர வேலையை நிப்பாட்டினவ, மற்றவன்ர ரோட்டை இல்லை. அவவுக்கு நான் எதிர் இல்லை.

#17 மல்லிகை | ஞாயிறு, காலை 9.25

மாமா, அதே அளவுகோலோட இப்ப வந்ததைப் பாருங்கோ. ரொறன்ரோ நகரசபை 2025 மேயில துணைவிதி கொண்டுவந்தது, ஜூலையில நடைமுறை. வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம் கேட்டால், அந்த இடத்தைச் சுத்தி 50 மீட்டருக்கு ஆர்ப்பாட்டம் கூடாது. ஒருத்தர்ர ரோட்டையும் மறிக்கத் தேவையில்லை, நடைபாதையில அட்டையோட நிண்டாலே காணும்.

ஏன் கொண்டுவந்தவை எண்டு எனக்கு விளங்குது. யூதக் கோயில் வாசலில பயந்து பயந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன ஒருத்தி எனக்குச் சிநேகிதி. அவவிட்ட போய் நான் உரிமைப் பட்டயம் வாசிக்க மாட்டன். ஆனால் மிரட்டினால், வழி மறிச்சால் பிடிக்க ஏற்கெனவே குற்றவியல் சட்டம் இருக்கு. அதைப் பாவிக்காமல் மீட்டர் அளக்கத் துடங்கினால், எனக்கு அந்த அஞ்சு மீட்டர் ஞாபகம் வருது.

#18 மார்க்கம் மாமா | ஞாயிறு, காலை 9.50

எங்கட கோயில் நிர்வாகமும் விண்ணப்பிக்கலாமாம். போன தேர்த் திருவிழாவில கணக்குக் காட்டு எண்டு வாசலில நிண்டு துண்டுப் பிரசுரம் குடுத்தவையை நினைச்சால், நிர்வாகம் முதல் ஆளாப் போய் விண்ணப்பிக்கும்.

துண்டுப் பிரசுரம் குடுத்ததில நானும் ஒராள். இதை இஞ்ச எழுதியிருக்கக் கூடாது.

#19 மொன்றியல் ராசன் | ஞாயிறு, காலை 9.53

மாமா!!! புட்டுப்பானை மூடி வேணுமோ?

#20 ஸ்காபரோ சித்தப்பா | ஞாயிறு, இரவு 9.30

எல்லாத்தையும் வாசிச்சனான். ஸ்கூல் அக்காவின்ர பதிவை மகனுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினனான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.

மாமா #5 இல ஒரு கேள்வி கேட்டவர். நான் ஒழிச்சிட்டன். மகனுக்கும் இவ்வளவு காலமும் சொல்லேல்லை. இண்டைக்குப் பின்னேரம் கராஜில குளிர்காலச் சில்லு மாத்தேக்க சொன்னனான். அண்டைக்கு மனிசிக்கு இரவு வேலை. அன்னையர் தினத்திலயும் வேலைதான். வீட்டில பிள்ளையைப் பாக்க ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு போனனான். ஹைவேக்கு ஏறுற யோசினை எனக்கு இருக்கேல்லை, சனம் ஏறிச்சுது, நானும் ஸ்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஏறினனான். முன் வரிசையில இல்லை, ஆனால் நடுவிலதான். ஏத்தத்தில ஒரு பெடியன் முன் சில்லைத் தூக்கிப் பிடிச்சுத் தந்தவன்.

மகன் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. நட்டை இறுக்கிக்கொண்டு இருந்தான். பிறகு, “நான் அழுதனானோ?” எண்டு கேட்டான்.

இல்லை. நித்திரை. கார் ஓடாத ரோட்டில வடிவா நித்திரை கொண்டவன்.

#21 மார்க்கம் மாமா | ஞாயிறு, இரவு 9.41

எத்தினை வயசு அப்ப?

#22 ஸ்காபரோ சித்தப்பா | ஞாயிறு, இரவு 9.43

மூண்டு.

#23 மார்க்கம் மாமா | ஞாயிறு, இரவு 9.58

தொப்பி போட்டனீங்களோ? ஏரிக் காத்து எண்டு எழுதியிருந்தியள்.